அன்புடன், அத்தை

“அதைத்தாங்க நானும் கேக்குறேன். எங்க வீட்டுக்காரர் ஒத்தப் பிள்ளை. கூடப்பிறந்தவங்க யாருமில்ல. அப்புறம் எவளைப் பார்த்து என் புள்ள அத்தைன்னு சொல்லுது?”

“யாரைப் பார்த்துங்க சொல்லுது?”

“உங்க அட்டைப்பெட்டியைப் பார்த்து!”

அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அக்கா அடுத்த அழைப்பை எடுத்தாள். அதிலும் அதே புகார். இணையத்தில் குழந்தைச் சாமான்கள் விற்கும் அவர்களுடைய கடையிலிருந்து பெட்டி போன வீடுகளில் எல்லாம் குழந்தைகளின் முதல் சொல் ‘அத்தை’ என்றே இருந்தது. அம்மா அதற்குப் பிறகுதான் வந்தாள். சில வீடுகளில் அப்பாவுக்கும் பிறகு.

கடையைத் தொடங்கியவன் அக்காவின் தம்பி. கணினியில் கடையைக் கட்டியது அவன். கூடத்துத் தரையில் உட்கார்ந்து பால்புட்டியும் அரைத்துணியும் தலையணையுமாக அடுக்கி, பல்லால் டேப்பைக் கடித்துக் கிழித்து ஒட்டியது அவள். அவளுக்கு வந்த வரன்கள் எல்லாம் தட்டிப்போய், அந்தப் பேச்சையே வீட்டில் விட்டிருந்த சமயம். தம்பி மனைவி உண்டாகியிருந்தாள். பெட்டிக்குள் வைக்கும் வாழ்த்துச் சீட்டில் அனுப்புகிறவர் பெயர் வேண்டும். கடைக்கோ இன்னும் பெயர் முடிவாகவில்லை. பிறக்கப்போகும் பிள்ளை தன்னை எப்படிக் கூப்பிடும் என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்தச் சொல்லே கைதவறி வந்துவிட்டது: ‘அன்புடன், அத்தை.’ தம்பி எட்டிப் பார்த்து, “அட, நல்லாத்தானே இருக்கு! பேர் வைக்கிற வேலையும் மிச்சம்” என்றான். அத்தை கடை என்றே ஆகிப்போனது.

முதலில் தாய்மார்கள் சிரித்தார்கள். குழந்தை அத்தை என்பதைப் படம்பிடித்து ஊரெல்லாம் பரப்பினார்கள், அதைப் பார்த்தவர்களும் வாங்கினார்கள். அக்கா பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தால் அவர்கள் கடையில் வாங்கிய குழந்தைத் தள்ளுவண்டிகள் எதிரே வரும்போது தானாக அவள் பக்கம் திரும்பின. தள்ளிக்கொண்டு வந்தவர்கள் சக்கரத்தைக் குறை சொன்னார்கள். கூடம் போதாமல் மாடிக்கும், மாடி போதாமல் கிடங்குக்கும் போனார்கள். கிடங்கில் பெட்டிகளைச் சுமந்து ஓடும் பட்டை வந்தது, முதலீட்டாளர்கள் உட்காரக் கண்ணாடி அறை வந்தது. வேறு கை எழுதிய சீட்டுக்குக் குழந்தைகள் வாயே திறக்கவில்லை என்பதால், எழுதுகிற வேலை மட்டும் அக்காவிடமே இருந்தது. விரல் வீங்கினால் வெந்நீரில் முக்கிக்கொண்டு எழுதினாள்.

தம்பி வீட்டுக்கு மட்டும் ஒரு பெட்டிகூடப் போகவில்லை. “ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் உங்களைக் கூப்பிட்டாச்சு அண்ணி. என் பொண்ணாவது என்னை முதல்ல கூப்பிடட்டுமே” என்றாள் தம்பி மனைவி, சிரித்துக்கொண்டேதான். நியாயம்தான் என்று அக்காவுக்கும் பட்டது. இரண்டாவதாக வந்தாலும் போதும், பத்தாவதாக வந்தாலும் போதும் என்று காத்திருந்தாள். தம்பி மகள் அம்மா என்றாள், அப்பா என்றாள், நாய் என்றாள், லிஃப்ட் என்றாள். பிறகு ஒருநாள் அக்காவை நிமிர்ந்து பார்த்து, சொல்லிக்கொடுத்திருந்தபடி, ‘ஆன்ட்டி’ என்றாள். கீழ்வீட்டுக்காரிக்கும், ஊசி போடும் நர்ஸுக்கும், மாடிப்படி பெருக்க வருகிறவளுக்கும் அவளிடம் அதே சொல்தான். அக்கா கொண்டுபோன பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, வேலை கிடக்கிறது என்று கிளம்பி வந்தாள்.

காய்ச்சலில் கிடந்த குழந்தைகளும் அத்தையைத்தான் கேட்டன. அதன்பிறகு தாய்மார்கள் யாரும் சிரிக்கவில்லை. புகார்கள் கண்ணாடி அறைவரை போயின. தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“சொல்லை மாத்திடலாம்க்கா. ஆன்ட்டின்னு போட்டா எல்லாருக்கும் பொது. யாருக்கும் உரிமை இல்ல, யாருக்கும் வயிறு எரியாது.”

“இது யாரு யோசனை?”

“வீட்ல சொன்னா.”

அக்கா புதுச் சீட்டை எடுத்து, இன்னும் அழகான எழுத்தில், ‘அன்புடன், ஆன்ட்டி’ என்று எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டுப் போன வீடுகளில் குழந்தைகள் பால்புட்டியைத் துப்பின. அரைத்துணி எந்த இடுப்பிலும் நிற்கவில்லை. பெட்டியை வாசலுக்கு வெளியே வைத்தபிறகே அழுகை ஓய்ந்தது. சாமான்கள் மூட்டை மூட்டையாகத் திரும்பின. அப்புறம், முன்பே விற்றிருந்த தள்ளுவண்டிகளும் யாரும் அனுப்பாமல், ஆளில்லாமல், சாலை ஓரமாக உருண்டு, சிக்னலில் நின்று நின்று கிடங்குக்கு வந்துசேர்ந்தன. போக்குவரத்துக் காவலர்கள் சில நாள் விசில் ஊதிப் பார்த்தார்கள். பிறகு கையைக் காட்டி வழிவிட்டார்கள். பழைய சொல்லையே எழுதிப் பார்க்கலாம் என்றார்கள் முதலீட்டாளர்கள். எழுதினாள். அது இப்போது எந்த வாயிலும் ஏறவில்லை.

முதலீட்டாளர்கள் போனார்கள். ஓடும் பட்டையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தம்பிக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. கிடங்கை ஒப்படைக்கச் சாவி வாங்க அவன் வந்தபோது, அக்கா தள்ளுவண்டிகளின் சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். பழைய சாமான் கடைக்காரர் அவற்றை வேண்டாம் என்றுவிட்டார். கொண்டுபோனாலும் இங்கேதானே வந்து நிற்கும் என்றார். அவள் நடந்த பக்கமெல்லாம் அத்தனை வண்டிகளும் திரும்பின. ஒன்று தம்பியின் முழங்காலில் இடித்தது. குறுக்கே வந்த ஆட்டுக்குட்டியை நகர்த்துவதுபோல அதை ஒரு கையால் தள்ளிவிட்டான்.

“உன்னாலதான் வளர்ந்துச்சு, உன்னாலதான் படுத்துச்சு. குறையாச் சொல்லலக்கா.”

“அதான் சொல்லிட்டியே.”

“வெள்ளிக்கிழமை கிளம்புறோம்.”

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டினாள். அவன் பிடித்த பிறகும் விடவில்லை.

“கிளம்பறதுக்கு முன்னாடி பாப்பாவை ஒருதரம் இங்க கூட்டிட்டு வாயேன்டா. ஒண்ணும் சொல்லிக்கொடுக்க மாட்டேன். ஆன்ட்டின்னே கூப்பிடட்டும். இதுல ஏதாவது ஒண்ணுல உட்கார வச்சு, இந்தச் சுவத்துலேருந்து அந்தச் சுவர் வரைக்கும் தள்ளிட்டு அனுப்பிடறேன். கூட்டிட்டு வர்றியா?”