கையில் தட்டிய சத்தம்

கலவானையிலிருந்து காட்டுப் பக்கம் ஏறும் பாதையில், இறப்பர் மரங்களுக்குக் கீழே இருந்த ஷிராஸின் கராஜ் போன வருஷத்திலிருந்து பூட்டியே கிடந்தது. மூளைக்காய்ச்சலில் பிழைத்து வந்தவனுக்கு இரண்டு காதும் போயிருந்தன. எஞ்சினைக் காதால் பார்க்கிறவன் அவன். இப்போது எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடப்பது போல மெதுவாக, மங்கலாக நடந்தன. மனைவி நூரியாவின் உதடுகளை மட்டும் கொஞ்சம் படிக்கப் பழகியிருந்தான்.

ஒரு காலையில் வாசல் சீமெந்து உள்ளங்காலுக்குக் கீழே நடுங்கியது. நிமிர்ந்து பார்த்தான். பனிக்குள்ளிருந்து ஒரு பழைய பெற்றோல் ட்ரக்டர், தூக்கத்தில் நடப்பது போல வந்துகொண்டிருந்தது.

ஓட்டி வந்தவன் அந்தனி. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். இப்போது அக்கம்பக்கத்துச் சிறு தேயிலைக்காரர்களின் கொழுந்தை ஃபெக்டரிக்கு இழுத்துப் பிழைக்கிறான்.

"நானா, எஞ்சின் முடிஞ்சிருச்சு, பழைய இரும்புக்குக் குடுத்துருன்னு சொல்றாங்க. நீங்க ஒருக்கா பார்த்துச் சொன்னீங்கன்னா மனசு ஆறும்" என்றான். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. "மன்னிச்சிக்குங்க ராத்தா" என்று நூரியாவின் பக்கம் திரும்பினான்.

நூரியா உதட்டசைவில் கணவனுக்கு விஷயத்தைச் சொன்னாள்.

"காது கேக்காத மனிசன் என்னத்தச் செல்ற?" என்று ஷிராஸ் உள்ளே போகத் திரும்பினான்.

நூரியா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனுடைய முன்கையில் விரல்களை வைத்து, எஞ்சின் ஓடும் ஓட்டத்தை அப்படியே தட்டத் தொடங்கினாள். நான்கு விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக, சீராக. நடுவில் கட்டைவிரலால் கனமாக ஒரு குத்து.

ஷிராஸ் அசையாமல் நின்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

"அந்தனிக்கிட்ட கொஞ்சம் ரேஸ் பண்ணச் செல்லு."

எஞ்சின் உறுமியது. நூரியாவின் விரல்கள் விரைந்தன. கட்டைவிரலும் பலமாக விழுந்தது. அந்தனி அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த கணத்தில் குத்து இன்னும் பலத்தது.

"மேலயிருந்து வருதா, கீழயிருந்தா?"

அவள் ஈரத்தரையில் முட்டி போட்டு, வயிற்றில் காது வைத்துப் பார்க்கும் மருத்துவச்சி போல எஞ்சினின் அடியில் காதைச் சாய்த்தாள். கையைக் கீழே காட்டினாள்.

ஷிராஸ் ஓயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் வாய் மேல் உள்ளங்கையைப் பிடித்தான். புகைக்குழாயையும் ஒரு முறை எட்டிப் பார்த்தான். புகையில் ஓயில் எரியும் நீலம் இல்லை.

"காத்து கையில அடிக்கல்ல. பிஸ்டன் ரிங் தேஞ்சீந்தா இதால புஸ்ஸுண்டு வரும். இது வேற" என்றான். தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று தெரியாமல் கத்தியே சொன்னான். "அந்தனி, பிளக் வயர ஒவ்வொண்டா கழட்டுங்க. ஒண்ட மாட்டிட்டு மத்தத."

ஷிராஸ் மறுபடி கண்ணை மூடி, முன்கையை நூரியாவிடம் நீட்டினான். அந்தனி இறப்பர் பிடி போட்ட குறட்டால் முதல் வயரை இழுத்தான். எஞ்சின் நொண்டியது; ஒரு விரல் தட்டாமல் விட்டது. கட்டைவிரல் விழுந்துகொண்டே இருந்தது. இரண்டாவதிலும் அப்படித்தான்.

மூன்றாவது வயர் கழன்றதும் கட்டைவிரல் நின்றது.

நூரியாவே ஒரு கணம் நம்பவில்லை. காதைக் கூர்மையாக்கிப் பார்த்தாள். குத்து இல்லை. அந்தனி வயரை மாட்டினான். குத்து திரும்பி வந்தது.

"மூணாவது" என்று சொல்லிக் கண்ணைத் திறந்தான் ஷிராஸ். கண் கலங்கியிருந்தது. "அந்த பிஸ்டனுக்குக் கீழ இருக்கிற பெயாரிங் தேஞ்சீக்கிது. எஞ்சின் முடியல்ல அந்தனி. இப்பிடியே ஓட்டினாத்தான் முடியும்."

ஓயிலை வடித்துத் தட்டில் பிடித்தார்கள். பனி விலகி விழுந்த வெயிலில், கறுத்த ஓயிலுக்குள் பெயாரிங் தேய்ந்த வெள்ளித் துகள்கள் மெல்லச் சுழன்றன. மூன்று பேரும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் எஞ்சினுக்கு அடியிலிருந்த ஓயில் தொட்டியைக் கழற்றியபோது, மூன்றாவது பெயாரிங்கின் பூச்சு உரிந்து செம்பு தெரிந்தது. அது பற்றியிருந்த தண்டை ஷிராஸ் நகத்தால் வருடினான். நகம் எங்கும் சிக்கவில்லை, தண்டு தப்பியிருந்தது. அந்தனி பெல்மதுளைக்கு பஸ் ஏறிப் போய்ப் புது பெயாரிங் வாங்கி வந்தான்.

பூட்டி முடித்து எஞ்சினை இயக்கியபோது நூரியா நான்கு விரல்களால் மட்டும் தட்டினாள். ஷிராஸ் காத்திருந்தான்.

"ஒளிக்கிறியா?"

"இல்ல, அல்லாஹ்மேல சத்தியமா!" என்று அவள் சிரித்தாள். சத்தியத்தை அவன் அவளுடைய உதட்டில் படித்தான்.

அந்தனி கையசைத்து மேடேறிப் போனான். அவன் மறைந்த வளைவிலிருந்து மழை இறங்கி வந்தது. கராஜ் வாசலில் உட்கார்ந்திருந்த ஷிராஸ் கையை மனைவியின் மடியில் நீட்டினான். மழையை எப்படித் தட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பத்து விரல்களாலும் ஒழுங்கில்லாமல் தட்டிப் பார்த்தாள்.

"நெறைய பேர் வார மாதிரி ஈக்கிது" என்றான்.

மழை விடுவதற்குள் ஒரு முச்சக்கர வண்டி இருமிக்கொண்டு வந்து நின்றது. நூரியா கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் எழுந்து போனாள்.