செத்தவர் கொடுத்த மனு

மணி மூன்று இருபது. ஐந்து மணிக்கு வாரிசு வேலைப் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குக் கிளம்பிவிடும். அதில் அவள் பெயர் இல்லை.

"மூணு வருஷத்துக்குள்ள மனு வந்திருக்கணும். உன்னுது போன மாசம்தான் வந்திருக்கு. நாலு மாசம் லேட்." கண்காணிப்பாளர் நிமிரக்கூட இல்லை.

குடிநீர் வாரியத்தில் பம்ப் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பணியில் இறந்தவரின் வாரிசுக்கு வேலை உண்டு. அதற்குக் கெடுவும் உண்டு. அம்மாவின் தையல் மெஷினில்தான் வீடு ஓடியது. அம்மாவுக்கு இப்போது ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை.

"அது ரெண்டாவது மனு மேடம். அப்பா போன ஏழாவது மாசமே ஒண்ணு குடுத்தேன். இதே மேஜையில."

"ரசீது?"

"கேட்டேன். அப்ப இருந்த தபால் கிளார்க், 'உங்கப்பா ஆபீஸ்ல உனக்கு எதுக்கும்மா ரசீது, நாங்க என்ன அந்நியமா?'ன்னார்."

"பாசத்தைக் கொட்டிட்டு அவர் ரிட்டையராகிப் போயிட்டார். நீ இங்க நிக்கற. தபால் பதிவேட்டை ரெண்டு தடவை புரட்டியாச்சு. உன் பேர் இல்ல."

"நான் ஒரு தடவை பாக்கட்டுமா மேடம்?"

கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "பாரு. ஆனா அழக்கூடாது. பதிவேடு நனைஞ்சா எனக்கு மெமோ."

ஆகஸ்ட் மாதம். அனுப்பியவர் என்ற கட்டத்தில் அவள் விரல் இறங்கியது. ஒரு பக்கம். இரண்டு பக்கம். அவள் பெயர் இல்லை. மூன்றாவது பக்கத்தின் நடுவில் விரல் நின்றது.

"மேடம், எங்கப்பா எப்ப செத்தாரு?"

"என்னம்மா கேள்வி இது? ஜனவரியில."

"ஆகஸ்ட்ல வேலை கேட்டு மனு குடுத்திருக்காரு. பாருங்க."

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். "அடப்பாவி மனுஷா! அந்தத் தபால் கிளார்க், உங்கப்பாவோட பழகின பழக்கத்துல, அவர் பேரையே எழுதிட்டுப் போயிருக்கார். நான் உன் பேரைத் தேடிக்கிட்டிருக்கேன்!"

கடைசிக் கட்டத்தில் இன்னொருவர் கையெழுத்தில் ஒரு வரி: 'மனுதாரர் இறந்துவிட்டதால் முடிக்கப்பட்டது. பதிவறைக்கு.'

பதிவறைக்காரரை எல்லோரும் 'தூசி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

"முடிஞ்ச ஃபைலா? ஆகஸ்டா? மேல் தட்டு," என்று ஏணியில் ஏறினார். முதல் ஃபைல் கட்டுக்குள் இல்லை. இரண்டாவது கட்டின் முடிச்சு அவிழவில்லை. மணி நாலு இருபத்தைந்து.

"கத்தரிக்கோல் இருக்காண்ணே?"

"அதுக்கு இண்டெண்ட் எழுதிக் கேட்டு ஒரு வருஷமாச்சும்மா," என்றவர் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார்.

கட்டின் நடுவில் மனு இருந்தது. அவள் கையெழுத்து. தலைப்பில் வட்ட முத்திரை, அதற்குள் தேதி. கெடுவுக்கு முழுதாக இரண்டு வருடம் ஐந்து மாதம் முன்னால்.

மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

தட்டச்சு செய்த எட்டுப் பெயர்களுக்குக் கீழே, ஒன்பதாவதைக் கண்காணிப்பாளர் பேனாவால் எழுதினார். பட்டியலில் ஒப்பமிட வேண்டிய அதிகாரி முத்திரையைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், இன்னொரு முறை முத்திரையைப் பார்த்தார். பேனா இறங்கியது. கையெழுத்து. பேனாவால் எழுதிய பெயருக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு உறை ஒட்டப்பட்டது.

"உன் பேர் ஏறியாச்சு," என்றார் கண்காணிப்பாளர். "இனி ஆர்டர் வரவேண்டியதுதான். டைப்பிங் தெரியுமா?"

"ஹையர் பாஸ் மேடம்."

"நல்லதாப் போச்சு. உன் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு."

அம்மா அலுவலக வாசல் படியில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள். "என்னடி சொன்னாங்க?"

சொன்னாள். அப்பா பேரில் மனு பதிவானதையும் சேர்த்து.

அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று மகள் பக்கத்தில் குனிந்தால், சிரிப்பு.

"லீவு லெட்டர்கூட என்கிட்டதாண்டி எழுதி வாங்கிட்டுப் போவாரு அந்த மனுஷன்! செத்தப்புறம்தான் சொந்தமா ஒண்ணு எழுதியிருக்காரு!"

"எழுதினது நான்மா."

"சும்மா இருடி. அவருன்னே இருக்கட்டும்."

மகளும் படியில் உட்கார்ந்தாள். உறையை ஏற்றிக்கொண்டு ஜீப் அவர்களைத் தாண்டிப் போனது.