தாவீது விற்ற ஆம்ப்ளிஃபையர்

அவர்கள் முதலில் உடைத்தது என் கணவரின் வலது கையை. பைக்கோடு விழுந்தவரை இழுத்துப் போட்டு, சாலையோரச் சரளையில் அந்தக் கையை இருவர் நீட்டிப் பிடித்துக்கொள்ள, ரகு ஜாக்கி ராடால் அடித்தான். எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரும் சாலை அது. நல்ல வெயில். கம்பெனி பஸ்கள் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. ஒரு பஸ் வேகத்தைக் குறைத்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

இது நடந்தது 2011இல். என் கணவர் பெயர் தாவீது. அவர் விற்ற ஓர் ஆம்ப்ளிஃபையருக்காக அவரை அடித்தார்கள்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் ஜப்பான் இன்ஜினியருக்கு அவர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஊர் திரும்பும்போது தன் ஆம்ப்ளிஃபையரை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முப்பது வருடத்துக்கு முந்தைய சரக்கு. வெள்ளி நிற முகம், ஆடும் இரண்டு முட்கள், ஒற்றை ஆள் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் நூறு வோல்ட்தான். அதனால் நம் கரண்ட்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி கூடவே இருந்தது. அந்தப் பெட்டி இல்லாமல் நேராகச் சுவரில் சொருகினால் ஆம்ப்ளிஃபையர் எரிந்துபோகும். கல்யாணமாகி வந்த வாரமே எனக்கு அவர் இதைச் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகுதான் கேஸ் சிலிண்டரை எப்படி மூடுவது என்று காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வந்ததும் பாட்டுப் போடுவார். பாடுகிறவர் மூச்சு இழுப்பது வரை கேட்கும். அது போதும் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் குன்றத்தூரில் நம்பிராஜன் என்ற பெரியவர் வீட்டில் கண்ணாடிக் குழல்கள் எரியும் வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து, நம்முடையதில் ஏதோ குறைகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். என்னையும் ஒரு தடவை கூட்டிப்போனார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. “உனக்கு காதுதான் கீது, கேக்கத் தெரியல” என்று வழியெல்லாம் கிண்டல் செய்தார். பழையதை விற்று அதை வாங்குவது என்று முடிவானது. நம்பிராஜன் ஒரு வாரம் பொறுத்திருக்கச் சம்மதித்தார்.

வாங்க வந்தவன்தான் ரகு. சுங்குவார்சத்திரத்தில் கம்பெனிகளின் கழிவு இரும்பை எடுக்கும் காண்ட்ராக்ட் அவன் அண்ணன் கண்ணப்பனிடம் இருந்தது. அந்தக் காண்ட்ராக்டுக்காக இந்தப் பக்கம் ஆட்கள் வெட்டுப்பட்டிருக்கிறார்கள். கண்ணப்பனுக்கே காதுக்குக் கீழே ஒரு தழும்பு உண்டு. ரகு எங்கள் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டான், தலையை ஆட்டினான், பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டான். தாவீது பெட்டியைப் பற்றி அவனுக்கு விளக்கமாகச் சொன்னார். தானே அதைத் தூக்கிக்கொண்டு போய் அவன் காரின் பின்னால் வைத்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

ஆம்ப்ளிஃபையரை மட்டும் ரகு தன் வீட்டில் இறக்கினான்; பெட்டியோடு கார் அவர்களுடைய யார்டில் நின்றது. அங்கே வேலை செய்த பாண்டுரங்கன் பின்கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்தார். பழைய இரும்பு யார்டில் டிரான்ஸ்பார்மர் என்றால் உள்ளே செம்பு இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். சம்மட்டியால் உடைத்து, செம்புக் கம்பியை உருவி, செம்புக் குவியலில் போட்டார். எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் அதைத்தான் செய்வார். பிறகொரு நாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று இதை அவரே என்னிடம் சொன்னார். நீதிமன்றத்தில் கேட்டபோது எதுவும் ஞாபகம் இல்லை என்றார்.

மறுநாள் ரகுவின் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். ஊரில் உள்ள காண்ட்ராக்டர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். வீட்டுக்கே பெரிய ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறோம், பெட்டியெல்லாம் எதற்கு என்று ரகு நேராகச் சொருகிவிட்டான். உடனே பியூஸ் போனது. எலக்ட்ரீஷியன் ஒருவன் பியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றிவிட்டான். இரண்டாம் முறை உள்ளே வெடித்து, கூடம் முழுக்கக் கறுப்புப் புகை. பந்தியில் இருந்த ஒரு காண்ட்ராக்டர், “இன்னா ரகு, அய்யர் போனப்புறம் நீ ஒரு ஓமம் போட்றியா?” என்று கேட்டாராம். பந்தி முழுக்கச் சிரித்திருக்கிறது.

அன்று மாலையே ரகு ஆட்களோடு வந்தான். கதவைத் திறந்ததும் தாவீதின் காதோடு சேர்த்து ஓர் அறை. சுவரில் மோதி விழுந்தவரின் வயிற்றில் ஒருவன் உதைத்தான். ஓடி வந்த பக்கத்து வீட்டு சந்திரம்மாளைக் கத்தியைக் காட்டி உள்ளே போகச் சொன்னார்கள். தாவீது எழுந்து உட்கார்ந்து, வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டி எங்கே என்று கேட்டார். எந்தப் பெட்டி என்றான் ரகு. பணத்தை நம்பிராஜனிடம் கொடுத்தாயிற்று, வாங்கித் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று தாவீது சொன்னார்.

“துட்டு எனக்கு மயிருக்கு சமானம்” என்றான் ரகு. “பந்தியில சிரிச்சவன் எல்லாம் கேக்கற மாதிரி சொல்லு, ஏமாத்தி வித்தேன்னு.”

“ஏமாத்தல. எப்டி சொல்றது?” என்றார் இவர்.

இரண்டு நாள் கழித்துக் கண்ணப்பன் ஆள் அனுப்பினார். அவர் யார்டில் எடையிலோ பங்கிலோ தகராறு வந்தால் போலீசுக்குப் போகிற வழக்கம் இல்லை. வல்லக்கோட்டை முருகன் கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றி, தன் பக்கம் உண்மை என்று சொல்லிக் கையால் அணைக்க வேண்டும். அணைத்தவன் சொன்னதுதான் தீர்ப்பு. ஆளை வெட்டுகிறவன்கூட அங்கே பொய் சொல்லப் பயப்படுவான். எங்களையும் அதற்குத்தான் வரச் சொல்லியிருந்தார். தேங்காய் உடைக்கிற இடத்தில் எல்லோரும் நின்றிருந்தார்கள். பாண்டுரங்கன் தரையைப் பார்த்தபடி கடைசியில் நின்றார்.

“நீ வேதக்காரன்னு தெரியும்” என்றார் கண்ணப்பன். “ஆனா எனக்கு நாயம் இதான். பெட்டிய குடுத்தேன்னு சொல்லி அணச்சிடு. இவன நான் இழுத்துகினு போயிட்றேன்.”

“நான் சத்தியம் பண்றதில்லண்ணா, எங்க வேதத்துல கூடாதுன்னு கீது. உங்க சாமின்னு இல்ல, எங்க சாமி பேர்லயும் பண்ண மாட்டேன். குடுத்தேன்னு சொன்னா குடுத்தேன்தான்.”

“பாத்தியா, பயப்பட்றான்” என்றான் ரகு. கூட்டமும் அப்படித்தான் நினைத்தது. உண்மை சொல்கிறவன் எதற்குத் தயங்க வேண்டும் என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார். ரகுவின் ஆள் ஒருவன் தாவீதின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து முறுக்கினான். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் கற்பூரத்தின் பக்கம் நகரவில்லை.

நான் குன்றத்தூரில் பிறந்தவள். மலைமேல் இருக்கிற முருகனைக் கும்பிட்டு வளர்ந்தவள். கண்ணால் பார்த்ததை நான் சொல்கிறேன் என்று முன்னால் போனேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். நான் உட்கார்ந்து, பெட்டியைக் காரில் வைத்ததைப் பார்த்தேன் என்று சொல்லி, உள்ளங்கையை நெருப்பின் மேல் அழுத்தினேன். கற்பூரக் கட்டி பெரியது. உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது.

கண்ணப்பன் என் கையைப் பார்த்தார். பிறகு திரும்பி, அத்தனை பேர் முன்னால் தம்பியின் கன்னத்தில் அறைந்தார். “ஒரு பாட்டுப் பொட்டிக்காக முருகன் எதிர்ல நிக்க வச்சிட்டியேடா. முடிஞ்சிது. இனிமே இதப் பேசின, செருப்பால அடிப்பேன்.”

அந்த அறையோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டு கிளம்பினோம். பைக்கில் வரும்போது தாவீது ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். “கைய ஏன் சுட்டுகின, எழில்?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் ரகுவின் கார் வந்து எங்களை இடித்தது.

வலது கைக்குப் பிறகு இடது முழங்கால். அவர் கத்தினார், ஆனால் கெஞ்சவில்லை. பெண்டாட்டியைச் சத்தியம் பண்ண விட்டுப் பின்னால் ஒளிந்துகொண்டவனே என்று ரகு திட்டிக்கொண்டே அடித்தான். மூச்சு வாங்கியபோது ராடை இன்னொருவனிடம் கொடுத்தான். விலா எலும்புகளில் காலால் மிதித்தார்கள். “வாயத் தொறந்து சொல்றா, உட்டுட்றேன்” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். இவர் மண்ணைத் துப்பிவிட்டு இல்லை என்றார். நான் ரகுவின் காலைப் பிடித்தேன். அவன் என் தலைமயிரைப் பிடித்துக் கீழே தள்ளி, என் வெந்த கையை ஷூவால் மிதித்துத் திருகினான். கொப்புளம் கிழிந்தது. நான் போட்ட சத்தம் எனக்கே யாரோ போட்ட சத்தம் மாதிரி இருந்தது.

“விட்றா அவள” என்றார் தாவீது. “நான்தான் ஏமாத்தினேன்.”

ரகு மிதிப்பதை நிறுத்தினான். போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தான். “பேரோட சொல்லு.”

“நான் தாவீது. ரகுவ ஏமாத்தித்தான் வித்தேன்.”

“எல்லாரும் கேட்டுக்குங்கடா” என்றான் ரகு. ஒரு கையில் போனைப் பிடித்தபடியே மறு கையால் ராடை வாங்கித் தலையில் அடித்தான்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் ஆம்புலன்சிலேயே அவர் இறந்துவிட்டார்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் அந்த வீடியோ ஊர் முழுக்க இருந்தது. டீக்கடையில் புளூடூத்தில் ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனுக்குப் போனது. தலையில் விழும் அடி வரைக்கும் அதில் இருந்தது. ரகு அதை வெட்டவில்லை. அவனுக்கு அது பெருமையாக இருந்திருக்க வேண்டும். பார்த்தவர்களுக்கோ அடியைவிட அதற்கு முன்னால் அவர் சொன்னதுதான் பெரிதாகப் போயிற்று. பெண்டாட்டி பண்ணிய சத்தியமும் பொய்தான், ஒரு டிரைவரிடம் போய் ரகு ஏமாந்துவிட்டான் பார் என்று பேசிக்கொண்டார்கள். அதை எல்லோரும் அழித்துவிட வேண்டும் என்று நான் பைத்தியம் மாதிரி வேண்டிக்கொண்டிருந்தேன்.

கேஸ் நடந்தபோது சாட்சிகள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். பஸ்ஸில் வந்த யாரும் வரவில்லை. ரகுவின் போன் கிடைக்கவில்லை. அரசு வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஊரில் சுற்றும் அந்த வீடியோ ஒன்றுதான் இருக்கிறது, ஒரு காப்பி கிடைக்க வேண்டும் என்றார். கோர்ட்டில் போட்டால் எல்லாம் பதிவாகும், உங்கள் வீட்டுக்காரர் பேசியதும் சேர்ந்துதான், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

மூன்று நாள் நான் சாப்பிடவில்லை. பிறகு சுங்குவார்சத்திரத்தில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைக்குப் போய், அந்த வீடியோ வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். தன்னிடம் இல்லை என்றார். இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றேன். ஏற்றிக் கொடுத்தார்.

கோர்ட்டில் அதைப் போட்டுக் காட்டினார்கள். நான் கண்ணை மூடவில்லை. எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து, இது உங்கள் கணவரின் குரல்தானே என்று கேட்டார்.

“குரல் அவருடையது. சொன்னது பொய்” என்றேன்.

“பொய்யே சொல்லாதவர், சத்தியம்கூடப் பண்ணாதவர் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?”

“எனக்காகச் சொன்னார். நான் கேட்டதில் அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான்.”

2014இல் ரகுவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு நாளில் சந்திரம்மாள் என்னோடு வந்திருந்தாள். என் கை ஆறும்வரை எனக்குச் சோறு ஊட்டியவள் அவள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது என் தோளைத் தடவிக்கொடுத்தபடி சொன்னாள்:

“விடு எழிலு. ஏதோ ஆசையில ஏமாத்திட்டான், அதுக்குன்னு ஒரு உயிர எடுக்கறதா?”

“அவரு ஏமாத்தலக்கா” என்றேன்.

“சரிம்மா, சரி” என்றாள் சந்திரம்மாள், அழுகிற குழந்தையிடம் சொல்வது போல.