முழுதாகத் தள்ளிய லீவர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதியமான்கோட்டை பக்கம் நெடுஞ்சாலையோரம் இருக்கிற ஒரு லாரி ஒர்க் ஷாப்பில் பதினோரு வருஷமாக டூல் ரூம் என் பொறுப்பு. கிரீஸ் கையோடு ஸ்பேனரைத் திருப்பிக் கொடுப்பவன், சாக்கெட்டை லாரிக்குள்ளேயே விட்டுவிட்டு வந்து தலையைச் சொறிபவன், ராட்செட்டைச் சுத்தியலாக்கி அடிப்பவன், எல்லோரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அங்கே என்னிடம் திட்டே வாங்காத ஃபிட்டர் ஒருவர்தான் உண்டு. மாது அண்ணன்.

அவர் எடுத்துப் போகிற சாமான் போனதைவிடச் சுத்தமாகத் திரும்பி வரும். "ஏம்மா சில்வியா, இந்த லீவர் கொஞ்சம் டைட்டா இருக்குது, பாத்து வையி" என்று சொல்லிவிட்டுப் போவார். இருபத்து மூன்று வருஷ அனுபவம். அந்த மனிதரின் கையைத்தான் நான் கெடுத்தேன்.

ராட்செட் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரண ஸ்பேனரை ஒவ்வொரு திருகலுக்கும் கழற்றி மாட்ட வேண்டும். ராட்செட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு பக்கம் இழுத்தால் போல்ட் சுற்றும். திரும்பக் கொண்டுவந்தால் கடகடவென்று சத்தம் மட்டும் வரும், போல்ட் அசையாது. தலைக்குள்ளே ஒரு பல்சக்கரம், அதன் பல்லைக் கடிக்க விரல்நகம் அளவில் ஓர் இரும்புத் துண்டு. அதை நாங்கள் லாக் என்போம். முதுகில் ஒரு சின்ன லீவர். லீவரை ஒரு பக்கம் தள்ளினால் லாக்கின் ஒரு முனை பல்லைக் கடிக்கும், மறுபக்கம் தள்ளினால் மறுமுனை கடிக்கும். ஒன்று முறுக்குவதற்கு, ஒன்று கழற்றுவதற்கு. ஆனால் லீவர் நேராக லாக்கைத் தள்ளுவதில்லை. நடுவில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. லீவர் ஸ்பிரிங்கைத் தள்ளும், ஸ்பிரிங் லாக்கைத் தள்ளும். லீவர் சரியாகப் போய் நின்றாலும், உள்ளே ஏதாவது அடைத்திருந்தால் லாக் வந்து சேராது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது தெரியவும் தெரியாது.

போன ஆயுத பூஜைக்கு நடந்தது இது. வருஷா வருஷம் டூல்களுக்குப் பொட்டு வைப்பது ஷாப்பைக் கூட்டிப் பெருக்கும் பெரியம்மாள். அந்த முறை அவர் மகள் பிரசவத்துக்காகக் கிருஷ்ணகிரி போய்விட்டார். சூப்பர்வைசர் மாதவராஜ் என்னிடம் வந்தார்.

"டூலெல்லாம் உங்க கையிலதான இருக்குது, நீங்களே பொட்டு வெச்சுருங்க. உங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லியே?"

நான் வேதக்காரி. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஒரு சங்கடமும் இல்லை என்றேன். உண்மையில் எனக்கு வேறு பயம். வேதக்காரி ஏனோதானோ என்று வைத்தாள் என ஒருத்தரும் பேசிவிடக் கூடாது. அதனால் வீம்புக்கு வைத்தேன். பெரியம்மாள் கைப்பிடியில் விரல்நுனியால் தொட்டுவிட்டுப் போவார். நான் சந்தனத்தைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கரைத்து, ஒவ்வொரு ராட்செட்டின் தலையிலும், சரியாக லீவர் மேலேயே, பட்டையாக வைத்தேன். நடுவில் குங்குமம். வாழை இலையில் வரிசையாக அடுக்கியபோது கண்ணுக்கு நிறைவாக இருந்தது. மாதவராஜ் போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினார். "இந்த மாதிரி யாரும் வெச்சதில்லீங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பூஜையன்றும் மறுநாளும் டூலைத் தொடுவதில்லை. இரண்டு நாளும் அந்தக் கரைசல் லீவர் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, பழைய கிரீஸோடு சேர்ந்து காய்ந்திருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் வெளியே இருந்த பொட்டை வேஸ்ட் துணியால் துடைத்து, டூல்களை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஊரையெல்லாம் திட்டுகிறவளுக்கு அது தோன்றவில்லை.

பதினோரு மணி இருக்கும். மாது அண்ணன் ஒரு பன்னிரண்டு சக்கர லாரியின் கேபினைச் சாய்த்துவிட்டு, முன்சக்கரத்தின் மேல் ஏறி நின்று, எஞ்சினைச் சேசிஸோடு பிடிக்கும் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். கடைசி இழுப்புக்கு உடம்பின் முழு பாரத்தையும் கொடுத்து இழுத்தார். ராட்செட் பல்லை விட்டுவிட்டது. அவர் அப்படியே மல்லாக்கச் சிமெண்டுத் தரையில் விழுந்தார். வலது கை முதுகுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. முழங்கையில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. பிளேட் வைத்துத் தைத்தார்கள். நரம்பும் அடிபட்டதால் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கவில்லை.

தரையில் கிடந்த ராட்செட்டை மாதவராஜ்தான் எடுத்தார். விழுந்த வேகத்தில் தட்டுப்பட்டு லீவர் நடுவில் நின்றிருந்தது. லீவரைத் தொடாமல் அப்படியே கையால் சுற்றிப் பார்த்தார். கடகடவென்று சத்தம் வந்தது. "நல்லாத்தான இருக்குது. லீவர முழுசாத் தள்ளாம பாதியில வுட்டுட்டாரு" என்றார். ஆஸ்பத்திரியில் மாது அண்ணனும் அதையேதான் சொன்னார். "என் தப்புதாம்மா. அவசரத்துல பாதியில வுட்டுருப்பேன்."

ஒரு வாரம் கழித்து, அதுவரை யாரும் தொடாமல் கிடந்த அந்த ராட்செட்டைக் கழுவி வைக்கலாம் என்று பிரித்தேன். இரண்டே ஸ்க்ரூ. மூடியை எடுத்தேன். லாக்குக்குப் பின்னால் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கட்டி. லாக் உட்கார வேண்டிய இடத்துக்குப் போகாமல் பல்லின் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. அதன் முனையில் புதிதாக நசுங்கிய தழும்பு. லேசான வேலைக்கு அது பிடிக்கும். பாரம் கொடுத்தால் வழுக்கிவிடும். லீவருக்கு அடியில் காய்ந்திருந்த சந்தனத்தில், லீவர் போய் வந்த பாதை பளபளவென்று சுரண்டப்பட்டிருந்தது. அந்தக் கோடு முறுக்கும் பக்கத்தில் கடைசி வரைக்கும் போய்த்தான் நின்றது. மாது அண்ணன் லீவரை முழுதாகத் தள்ளியிருக்கிறார்.

நான் மூடியைப் போட்டு, துணியில் சுற்றி, அடித்தட்டில் பழைய பெல்ட்டுகளுக்குப் பின்னால் வைத்தேன். மற்ற ராட்செட்டுகளை எல்லாம் அன்றைக்கே பிரித்து மண்ணெண்ணெயில் கழுவினேன். இதை மட்டும் கழுவ மனம் வரவில்லை. அதற்காக என்னைப் பாராட்ட வேண்டாம். வெளியே சொல்லவும் மனம் வரவில்லை. வேதக்காரி பொட்டு வைத்ததால்தான் ஆள் விழுந்தான் என்று ஊர் பேசும், டூல் ரூமும் போய்விடும் என்று பயந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். 'வேலையில் கவனக்குறைவாக இருந்தேன், சாமி' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டேன். சாமியாரும் மூன்று ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தேன். சாமியையே ஏமாற்றப் பார்த்த மாதிரி இருந்தது.

பொங்கல் முடிந்த வாரம் மாதவராஜ் ஒரு டைப் அடித்த கடிதத்தோடு வந்தார். 'லீவரை முழுதாகத் தள்ளாமல் என் கவனக்குறைவால் விழுந்தேன்' என்று மாது அண்ணன் எழுதிக் கொடுப்பதாக அதில் இருந்தது. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டால் கேட்டில் வாட்ச்மேனாக வைத்துக்கொள்வார்களாம். "பாவம், அவரே போட்டுத் தர்றேன்னுட்டாரு" என்றார்.

சனிக்கிழமை மாது அண்ணனின் மனைவி மணிமேகலை, அவருடைய டிபன் கேரியரையும் யூனிபார்மையும் எடுத்துப் போக வந்தாள்.

"இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"கை பரவால்லக்கா. மனுசந்தான் சரியில்ல. கேஸ் அடுப்பக்கூட மூட மாட்டேங்குறாரு. நீயே வந்து மூடு, எனக்குச் சரியா மூடத் தெரியாதுங்குறாரு. வண்டி ஸ்டாண்ட போட்டுட்டு நாலு தடவ குனிஞ்சு பாக்குறாரு. இருவத்தி மூணு வருசம் வேல செஞ்ச ஆளுக்கா." அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் துணிச்சுருளைப் பையில் போட்டுக்கொண்டு பாப்பாரப்பட்டி பஸ் ஏறினேன். மாது அண்ணன் வீட்டு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் துவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா சில்வியா. இம்மாந்தூரம் எதுக்கு வந்த? மேகலே, காப்பி போடு."

"காப்பி அப்புறம் குடிக்கிறேண்ணா. இதப் பாருங்க." ராட்செட்டை எடுத்து அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். நானே இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி மூடியைத் திறந்தேன்.

"நாளைக்கு நீங்க கையெழுத்துப் போடாதீங்க. நீங்க லீவர முழுசாத்தான் தள்ளுனீங்க. லாக் வரல. பூஜைக்கு நான் சந்தனத்த லீவர் மேலயே தண்ணியா வெச்சேன். அது உள்ள போயிக் காஞ்சிருச்சு. இந்தக் கோட்டப் பாருங்க, கடசி வரைக்கும் போயிருக்குது. தப்பு என்னுதுண்ணா."

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். இடது கைக் கட்டைவிரலால் லீவரைத் தள்ளினார். லீவர் போய் நின்றது, லாக் பாதியிலேயே நின்றது. திரும்பத் தள்ளினார். இன்னொரு தடவை தள்ளினார். மணிமேகலை காப்பி டம்ளரோடு வாசலில் நின்றுவிட்டாள்.

"முழுசாத்தான் தள்ளியிருக்கேன்" என்றார், அவளைப் பார்த்து.

"ஆமாண்ணா."

"இத எப்பப் பிரிச்சுப் பாத்தீங்க?"

அதுவரை என்னை அவர் 'நீங்க' என்று சொன்னதில்லை. "நீங்க வுழுந்து ஒரு வாரத்துல" என்றேன்.

"மூணு மாசம்." அவர் கோபப்படவில்லை. குரலும் உயரவில்லை. "ஒரு நாளைக்கு எத்தன தடவ அந்த லீவர மனசுக்குள்ள தள்ளித் தள்ளிப் பாத்துருப்பேன், தெரியுங்களா? தள்ளுனனா இல்லியான்னு. எம் பொண்டாட்டி கிட்டக்கூட, எங்கைய நம்பாதன்னு சொன்னேன்." பிறகு கேட்டார். "நாளைக்கு ஷாப்புல எல்லார் முன்னாலயும் சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

காப்பி ஆறிப்போனது. யாரும் குடிக்கச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை மாது அண்ணனும் வந்து எல்லோரும் கூடியதும் ராட்செட்டைத் திறந்துவைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மாதவராஜ் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் பயந்த பேச்சும் வந்தது. வீரமணி என்கிற வெல்டர் பின்னாலிருந்து, "வேதக்காரங்க கையில பூஜையக் குடுத்தா இப்படித்தான் ஆவும்" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாது அண்ணன்தான் பேசினார். "பொட்டுக்கும் சாமிக்கும் இதுல ஒண்ணுமில்ல வீரமணி. உள்ள அழுக்குப் போனா லாக் வராது, யார் வெச்சாலும் வராது. அது தெரியாம நடந்தது. அவங்க பண்ண தப்பு அது இல்ல. பாத்துட்டும் சொல்லாம இருந்தாங்க. அதான் தப்பு. வேற எதையும் சேக்காதீங்க."

அந்த அளவுக்குச் சரியாக என்னை யாரும் திட்டியதில்லை. எனக்கு அழுகை வந்தது. யாரும் சமாதானம் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

டூல் ரூமை என்னிடமிருந்து எடுக்கவில்லை. அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதைத் தவிர அதற்குப் பெரிய காரணம் இல்லை. மாது அண்ணன் மாசிக்கு மேல் ஃபிட்டராகவே வேலைக்கு வந்துவிட்டார். வாட்ச்மேன் வேலை வேண்டாம் என்றுவிட்டார். பழையபடி பாரம் இழுக்க முடியாது. இடது கையால் பழகுகிறார். வேகம் குறைவுதான், ஆனால் தயக்கம் இல்லை. ஒரே தடவை தள்ளுகிறார், ஒரே தடவை முறுக்குகிறார், அடுத்த போல்ட்டுக்குப் போய்விடுகிறார். அதைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது எனக்கு மூச்சு சீராகிறது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் டூல் ரூம் ஜன்னலுக்கு வந்து, "மேடம், அரை இஞ்சு ராட்செட்" என்றார். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகவில்லை. என் எதிரிலேயே, என் பலகையின் மேலேயே வைத்து, பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். லாக்கை விரலால் அசைத்தார். திரும்ப மூடி, "தேங்க்ஸுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். மடங்காத இரண்டு விரலோடு அந்தச் சின்ன ஸ்க்ரூவைப் பிடிக்க அவர் படுகிற பாட்டை நான் நின்று பார்க்கிறேன். நான் கழற்றித் தருகிறேன் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

இப்போதெல்லாம் அவர் ஜன்னலுக்கு வந்தால், ராட்செட்டோடு ஸ்க்ரூ டிரைவரையும் நானே எடுத்து வைத்துவிடுகிறேன்.