ட்ரான்ஸ்ஃபர் பட்டன்

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் தனசிங் சாருடைய, இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. ஷெட்டுக்குள் போகிறவர்கள் செல்போனை வாசலில் இருக்கும் மர அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். இரண்டு வருடம் முன்பு ஒருவன் ஒரு கண்ணைப் போனிலும் ஒரு கண்ணை மிஷினிலும் வைத்து ஒரு விரலைப் பறிகொடுத்தான். அதற்குப் பிறகு வந்த சட்டம் என்பதால் யாரும் முணுமுணுக்கவில்லை. வீட்டில் அவசரம் என்றால் ஆபீஸ் நம்பருக்கு அடிப்பார்கள். ஆபீஸ் மாடியில் இருந்தது. அங்கே போனை எடுப்பவள் புஷ்பலதா.

எடுப்பதோடு முடிந்தால் பரவாயில்லை. "லைன்ல இருங்க" என்று ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு, இருபத்திரண்டு படி இறங்கி, வெயிலில் சிமென்ட் தரையைக் கடந்து, எட்டு பிரஸ் மிஷின் போடும் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தி ஆளைக் கூப்பிட்டு, அதே இருபத்திரண்டு படியையும் திரும்ப ஏறவேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது இது நடக்கும். முழங்காலைப் பார்த்த டாக்டர் படி ஏறாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அவருக்கென்ன, அவர் கிளினிக் தரைத்தளத்தில் இருக்கிறது. புஷ்பலதா தைலம் தடவிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

அதனால்தான், பழைய போனை எடுத்துவிட்டு இன்டர்நெட் போன் போடப்போகிறேன் என்று தனசிங் சார் சொன்னதும், ஷெட்டுக்கு ஒரு கார்ட்லெஸ்ஸும் வேண்டும் என்று அவள் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினாள்.

போன் போட வந்தவள் ஜென்சி. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில், முதுகில் ஒரு பையும் தோளில் ஒரு சுருள் கேபிளுமாக வந்து இறங்கினாள். ஷெட் சுவரில் உயரமாக, கார்ட்லெஸ்ஸுக்குச் சிக்னல் தரும் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினாள். கார்ட்லெஸ்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் நடந்து, சிக்னல் எங்கே குறைகிறது என்று பார்த்தாள். பிறகு தனசிங் சாருடைய செல்போனிலும் புஷ்பலதாவின் செல்போனிலும் ஓர் ஆப்பைப் போட்டு, ஆபீஸ் நம்பர் அதிலும் அடிக்கும்படி செய்தாள்.

"இப்ப நீங்க சீட்ல இல்லன்னாலும் கால் உங்க கையிலயே வரும் அக்கா. கீழ இருக்கறவங்களுக்கு வந்தா இந்த ட்ரான்ஸ்ஃபர் பட்டன், அப்புறம் ஒன்னு சைபர் ரெண்டு. அவ்ளோதான்."

புஷ்பலதா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். கணக்கு சாஃப்ட்வேரை யாரும் சொல்லித்தராமல் தானே கற்றுக்கொண்டவள் அவள். அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு, இருக்கவேண்டியதுதானே.

திங்கட்கிழமை ஒரு நாள் அவள் மகாராணி மாதிரி உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. மதியம் சீனியர் ஆபரேட்டர் மாணிக்கவேலுக்கு அவன் மனைவி சாமுண்டீஸ்வரி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். புஷ்பலதா பட்டனைத் தட்டினாள், ஷெட்டில் மணி அடித்தது, அவன் எடுத்தான். முழங்கால் இருந்த இடம் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து கார்ட்லெஸ் செத்துப்போயிற்று. எப்போது அடித்தாலும் தொடர்பு இல்லை என்றது. மறுபடியும் படி, மறுபடியும் தைலம். புதன்கிழமையும் அதே கதை.

தனசிங் சாருக்குக் கோபம் வந்தது. "சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். சரியாகலன்னா ஷெட் போனைக் கழட்டித் திருப்பி அனுப்பிடும்மா. வேலைக்கு ஆகாத சாமான் எனக்கு எதுக்கு?"

வெள்ளிக்கிழமை ஜென்சி வந்து லேப்டாப்பைத் திறந்தாள். சுவர்ப் பெட்டி நன்றாகத்தான் இருந்தது. கார்ட்லெஸ்தான் தினமும் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

"இங்க பாருங்க அக்கா. காலைல எட்டு நாப்பதுக்குப் போகுது, சாயங்காலம் அஞ்சரைக்குத் திரும்பி வருது. நடுவுல லன்ச்சுக்கு அரை மணி நேரம் வருது. சிக்னல் ஷிஃப்ட் பாக்கறத இப்பதான் நான் பாக்கறேன்."

புஷ்பலதாவுக்குச் சட்டென்று உறைத்தது. கார்ட்லெஸ் மாணிக்கவேல் பொறுப்பில்தான் இருந்தது. "நீ காபி குடி, நான் வரேன்" என்று இறங்கினாள்.

ஷெட்டில் மாணிக்கவேலின் இரும்பு டூல்ஸ் பெட்டி பூட்டியிருந்தது. அவள் கையை நீட்டினாள். அவன் ஒரு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மிஷினை நிறுத்தி, சாவியை எடுத்துத் திறந்தான். ஸ்பேனர்களுக்கு நடுவில், எண்ணெய்த் துணிக்குள் சுருட்டி, கைக்குழந்தையைத் தூங்கவைத்த மாதிரி கார்ட்லெஸ் படுத்திருந்தது.

"என்னப்பா இது? என் கால் படற பாடு தெரிஞ்சுமா இதப் பண்ணின?"

அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. ஷெட்டுக்கு வெளியே நிழலுக்கு அவளைக் கூட்டிவந்துதான் அவன் வாயைத் திறந்தான்.

"தப்புதான்க்கா. உன் காலு எனக்குத் தெரியாதா? ஆனா அன்னிக்கு சாமுண்டி போன் பண்ணாளே, அப்ப இன்னா நடந்துச்சு தெரியுமா? மார்ல கட்டி கீதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அவ அழுவுறா. இந்த சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. இன்னா, எங்க கட்டின்னு நான் கத்துறேன். அல்லாரும் மிஷின நிறுத்திட்டு என்னியே பாத்துகினு நிக்கிறானுங்க. என் பொண்டாட்டி சமாச்சாரத்த நான் கத்திகினு பேசணுமாக்கா?"

புஷ்பலதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மேல வந்தா ஃபேன் ஓடும், சேர்ல குந்தி ஒரு வா தண்ணி குடிச்சிட்டு மெதுவா பேசுவோம். இங்க நின்ன எடத்துலயே பேசிட்டு வேலையப் பாருன்னா, அது இன்னொரு மிஷினுக்கா. நாளைக்கு சதை டெஸ்ட்டு ரிசல்ட்டு. அவ போன் பண்ணுவா. அத இங்க வச்சுக் கேக்க என்னால ஆவாது."

ஒன்பது வருடமாக எல்லாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் வீட்டு விஷயம் பேசியிருக்கிறார்கள். ஆபரேட்டர் அப்பாதுரை மகளுக்கு வேலை கிடைத்தது, இன்னொருவன் தம்பி கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனது, எல்லாம் அவள் மேஜைக்கு எதிரில் நடந்தவை. தன் முழங்காலுக்கு மட்டும் கணக்குப் பார்த்துப் பட்டனைத் தட்டியதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சரி. இனிமே போனை வெளிய வை. சார் அடிச்சா எடுத்துப் பதில் சொல்லு. வீட்லேர்ந்து வந்தா, நான் இதுல அடிச்சு மேல வான்னு மட்டும் சொல்றேன். உனக்குப் பேச இடம், எனக்குப் படி மிச்சம். சம்மதமா?"

"நீ தெய்வம்க்கா."

"தெய்வமும் வேணாம், ஒண்ணும் வேணாம். மொதல்ல அந்த எண்ணெயைத் தொடை."

மேலே வந்து, "வச்ச இடம் சரியில்ல, மாத்திட்டேன்" என்று ஜென்சியிடம் சொன்னாள். அவள் லேப்டாப்பைப் பார்த்தாள், புஷ்பலதாவைப் பார்த்தாள், எதுவும் கேட்காமல் பையை மூடினாள். கெட்டிக்காரப் பெண்.

சனிக்கிழமை காலை தனசிங் சார் பம்மலிலிருந்து வரும் வழியிலேயே ஆப்பில் ஷெட்டைக் கூப்பிட்டு, எத்தனை பீஸ் ஆயிற்று என்று கேட்டார். மாணிக்கவேல் முதல் மணியிலேயே எடுத்துச் சொன்னான். சாருக்கு வாயெல்லாம் பல்.

பதினொன்றரைக்கு மணி அடித்தது. சாமுண்டீஸ்வரி. "அக்கா, அவர் இருக்காரா?" என்ற குரலிலிருந்து நல்லதா கெட்டதா என்று எதுவும் தெரியவில்லை. "இரும்மா, ஒரு நிமிஷம்" என்று சொல்லி, புஷ்பலதா தன் செல்போனில் ஆப்பைத் திறந்து ஷெட்டுக்கு அடித்தாள்.

"மாணிக்கவேல், மேல வா."

இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான். நாற்காலியை இழுத்துப்போட்டு, ஃபேனைக் கூட்டி, தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் செல்போனோடு வெளியே வந்தாள். வேறு கால் வந்தால் இதில் எடுத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் யார் என்ன பேசினாலும் போனைக் காக்கிறேன் என்று எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். இன்று கதவைச் சாத்திவிட்டு மேல்படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

பாதிப் படியில் தனசிங் சார் வந்துகொண்டிருந்தார்.

"மாணிக்கவேல் எதுக்கு மேல ஓடினான்? அதான் கீழ போன் இருக்கே."

"அவன் வீட்லேர்ந்து கால் சார்."

"ட்ரான்ஸ்ஃபர் பண்ண வேண்டியதுதானே?"

"அது எனக்கு வரல சார். பட்டனை அழுத்தினா கட் ஆயிடுது."

அவர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "கணக்கையே நீயா கத்துக்கிட்ட. இது வரலையா?"

"வரல சார்."

"வயசாகுதுல்ல, விடும்மா" என்று சிரித்தார். அவளுக்குச் சுருக்கென்றது. அந்தப் பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லாமல் படியை அடைத்த மாதிரியே உட்கார்ந்திருந்தாள். அவரும் மூச்சு வாங்க இரண்டு படி கீழேயே நின்றார்.

கதவுக்குப் பின்னால் மாணிக்கவேலின் குரல் கேட்டது. எட்டு மிஷினோடு போட்டி போட்டுக் கத்துகிறவன், ரகசியம் மாதிரி பேசினான்.

"சாதா கட்டிதானா? டாக்டரே சொன்னாரா? மறுக்கா ஒருதபா சொல்லு சாமுண்டி. இல்ல, அவசரம் ஒண்ணும் இல்ல, நான் குந்திகினுதான் கீறேன்."

தனசிங் சார் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ஜென்சியை வரச்சொல்லி இன்னொரு தடவை கத்துக்கோ."

"சரி சார்" என்றாள் புஷ்பலதா.