கேன் அடுக்குக்குப் பின்னால்

கிழக்கு வெளுப்பதற்குள் நெட்டையக்கா நாற்பது தண்ணீர் கேன் கழுவிவிட்டாள். கொட்டகையில் காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரின் ஆவி ஆளை மறைத்தது. காலி கேன் என்று பேர்தான். ஒவ்வொன்றிலும் ஏதாவது குடியிருக்கும். பாசி, செத்த கரப்பான், மண்ணெண்ணெய் வாடை, யாரோ அணைத்துப் போட்ட சிகரெட். முகர்ந்து பார், விளக்குக்கு நேரே தூக்கிப் பார், பிரஷை விட்டுத் தேய், பீச்சும் குழாய்மேல் கவிழ், அடுத்ததை எடு. உயரமானவள் என்பதால் மேல்தட்டு வேலையும் அவளுக்கே. கையுறையின் விரல்நுனிகள் கிழிந்து மூன்று மாதமாயிற்று. சோடா தின்று தின்று கைரேகை அழிந்துபோய், வங்கி மெஷினில் விரலை வைத்தால் அது அவளை யாரென்று கேட்கிறது.

நாளெல்லாம் தண்ணீரில் நிற்கிறவளின் வீட்டுக் குழாயில் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். முதலில் காற்று வரும், அப்புறம் துரு, மனசிருந்தால் தண்ணீர். கேன் தண்ணீர்க் கம்பெனி வந்த மூன்றாம் வருஷம் தெருக்கிணறு வறண்டது. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்து அடிபம்பு வெறும் இரும்பாக நின்றது. மழையில்லை என்றது கம்பெனி. மழை கொட்டிய வருஷமும் அதையேதான் சொன்னது.

ஷிஃப்ட் முடிந்தால் தொழிலாளிக்கு ஒரு கேன் தண்ணீர் இனாம். முதலாளியின் பெரிய மனசு. அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தெருவைக் கடப்பது, கழுவுவதைவிடக் கஷ்டமான வேலை. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்கள். கம்பெனி ஆட்களின் வாயை முதலாளி ஒரு கேனால் அடைத்துவிட்டான் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வது அவளுக்கும் தெரியும்.

புருஷன் லாரியோடு வாரக்கணக்கில் வெளியூர் போகிறவன். வீட்டில் அவளும் நாத்தனாரும்தான். நாத்தனார் தையல்காரி. கம்பெனி கேனை அவள் தொடுவதில்லை.

“ஏன், விஷமா கலந்திருக்கு அதுல?” என்று ஒருநாள் கேட்டாள் நெட்டையக்கா.

“இல்ல அண்ணி. நம்ம கிணத்துத் தண்ணிதான். அதான் தொண்டையில இறங்க மாட்டேங்குது.”

தெருவை வீட்டில் கூட்டி மனு எழுதியதும் அந்த நாத்தனார்தான். கம்பெனி அனுமதி வாங்கியது ஓர் ஆழ்துளைக் கிணற்றுக்கு, ஓடுவது இரண்டு என்று எழுதி, எண்பத்திரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கித் தண்ணீர் ஆபீசில் கொடுத்தாள். மூன்றாம் நாள் முதலாளி நெட்டையக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

“உக்காரும்மா” என்றார். அறையில் இன்னொரு நாற்காலி இல்லை.

மேசைமேல் மனு கிடந்தது. அவர் விரலால் முதல் பெயரைத் தட்டினார். “உன் நாத்தனார். ரெண்டாவது போர் இருக்காம். வெளிய நின்னு பாக்கறவங்களுக்கு இப்படித் தோணாதே. உள்ள இருக்கற யாரோ சொல்லியிருக்காங்க.”

“எனக்குத் தெரியாதுங்க.”

“மோட்டார்காரர் உன்னைத்தான் சொல்றாரு.”

கம்பெனியின் போர் மோட்டாரை ஓட்டுகிறவர் அவர். ரிப்பேருக்காக மோட்டார் அறை பூட்டிக்கிடந்த ஒருநாள் கழுவும் குழாயில் தண்ணீர் குறையவே இல்லை. அதைப் பற்றி வீட்டில் வாய்விட்டுச் சொன்னது அவள்தான்.

“கம்பெனி மூடினா அறுபது குடும்பம் நடுத்தெருவுக்கு வரும். அந்தப் பாவம் உனக்கு வேணாம். உங்க வீட்டுக் கூட்டத்துக்கு யாரெல்லாம் வராங்கன்னு மட்டும் காதுல போட்டு வை. உன்னை லைனுக்கே மேஸ்திரி ஆக்கிடறேன்.”

“எங்க வீட்ல எதுவும் காதுல விழறதில்லைங்க. தையல் மெஷின் சத்தம்” என்றாள்.

அன்றிலிருந்து மோட்டார்காரரைக் கண்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவரும் அவளைக் கண்டால் வேறு பக்கம் போனார். சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சில் அவளுக்கு இருபுறமும் இடம் காலியாகக் கிடந்தது. தெருவிலோ, மனுவிலிருந்த பெயர்கள் முதலாளிக்குப் போனது நெட்டை வழியாகத்தான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். நாத்தனார் ஒன்றும் கேட்கவில்லை. மெஷின் டிராயரைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள ஆரம்பித்தாள். அந்தப் பூட்டுச் சத்தம் நெட்டையக்காவைச் சோடாவைவிட அதிகமாக அரித்தது.

வியாழக்கிழமை தண்ணீர் ஆபீஸ் அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. புதன் மத்தியானம், நிறைகேன்களைக் குடோனின் பின்சுவரை ஒட்டி ஏழடுக்கு ஏற்றச் சொன்னார் சூப்பர்வைசர். லோடு தூக்குபவன், ஒரே மூச்சில் தோளுக்கொன்றாக இரண்டு கேன் தூக்குவதால் ரெட்டை என்று பெயர் வாங்கியவன், நாலடுக்குக்குமேல் நிற்காது என்று இரண்டு தடவை சொன்னான். சொன்னதைச் செய் என்றார் சூப்பர்வைசர். ஏழாவது அடுக்கு ஏறும்போது மொத்தமும் அவன்மேல் சரிந்தது.

கேன்களை இழுத்துப் போட்டு அவனை வெளியே எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே கால் திரும்பிக் கிடந்தது. உடைந்த கேன்களின் தண்ணீர் வடிந்த இடத்தில், தரையிலிருந்து முழ உயரத்துக்கு நீலமூடி போட்ட இரும்புக் குழாய் ஒன்று நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். பார்த்த கையோடு, பக்கத்தில் நிற்பவன் பார்த்தானா என்றும் பார்த்துக்கொண்டார்கள்.

“இதை யாரும் பாக்கலை” என்றார் சூப்பர்வைசர். அவர் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். காலைப் பற்றிய பேச்சு அப்புறம்தான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு நெட்டையக்கா போனபோது மோட்டார்காரர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கழுவும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி தள்ளித் தள்ளி நின்றார்கள். நாத்தனாரும் வந்தாள், கட்டுப் போட்ட கால் நுழையட்டும் என்று ஒரு பக்கம் பிரித்துத் தைத்த கால்சட்டை அவள் கையில் இருந்தது.

ரெட்டையின் மனைவி ஆஸ்பத்திரிச் சீட்டோடு வெளியே வந்தாள். “வீட்டு மாடிப்படியில தவறி விழுந்தாருன்னு சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்திருக்காரு” என்றாள். “எங்க வீட்டுக்கு மாடியே கிடையாது.”

மோட்டார்காரர் நெட்டையக்காவை நிமிர்ந்து பார்த்தார். “மோட்டார் ரூம் சாவியை நான் வெளியாளுக்குக் கொடுத்தேன்னு முதலாளிகிட்ட சொன்னியாமே.”

“நானா? என்னைப் போட்டுக் கொடுத்ததே நீங்கதான்னு அவர் எங்கிட்ட சொன்னார்ணே.”

“எங்கிட்ட ரெட்டையைச் சொன்னாரு” என்றாள் கழுவும் பெண்களில் ஒருத்தி. இன்னொருத்தி அவளையே கைகாட்டி, தன்னிடம் சொன்னது இவள் பேரை என்றாள். ஒருகணம் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மோட்டார்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்குப் பக்கத்துச் சிரிப்பு.

நாத்தனார் சிரிக்கவில்லை. “அப்போ எங்க மனு எப்படி அவர் மேசைக்குப் போச்சு?”

“அதுல உருண்டையா ஊதா சீல் இருந்துச்சு” என்றாள் நெட்டையக்கா.

நாத்தனார் கையிலிருந்த கால்சட்டையைப் பெஞ்சில் வைத்தாள். “மனுவை வாங்கினப்புறம்தான் அந்த சீலை ஆபீஸ்ல குத்தினாங்க அண்ணி. என் கண்ணு முன்னாடி. அப்போ ஆபீஸ்லேர்ந்துதான் அவருக்குப் போயிருக்கு.” பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்” என்றாள்.

“நானும்தான் இவரைச் சந்தேகப்பட்டேன். நம்மை அப்படிப் பழக்கி வச்சிருக்கான்” என்றாள் நெட்டையக்கா. ரிப்பேர் நாளன்று கண்டதை எல்லோர் முன்னிலும் சொன்னாள். மோட்டார்காரரும் மறைக்கவில்லை. இரண்டு வருஷமாக இரண்டு மோட்டாரை ஓட்டிவிட்டு ஒன்று ஓடியதாகத்தான் நோட்டில் எழுதுகிறேன், வேலை போய்விடுமென்ற பயம் என்றார். கம்பெனியை மூடிவிட்டால் உங்கள் கதி என்னவென்று நாத்தனார் கேட்டபோது அவர் சொன்னார்:

“இங்க தண்ணி வத்தினா அவன் வேற ஊருக்குப் போவான்மா. நமக்கு ஏது வேற ஊர்?”

இரண்டாவது போரின் குழாய்க்கு சீல் வைக்க வேண்டும். ரெட்டை விழுந்தது குடோனில் என்று எழுத வேண்டும். அது வரை ஒரு கேனும் நகராது. வராந்தாவிலேயே பேசி முடித்தார்கள். தெருவுக்குச் சொல்வது நாத்தனார் பொறுப்பு.

காலையில் ஷிஃப்டுக்கு எல்லோரும் வந்தார்கள். கொட்டகையில் ஆவி எழவில்லை. நீலமூடிக் குழாயைச் சுற்றி ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலாளி குடோன் வாசலில் நின்றார். “யார் சொல்லி இப்படி உக்காந்திருக்கீங்க?”

மோட்டார்காரர் எழுந்தார். “யாரு சொன்னதுன்னு நீங்களே ஒரு பேரைச் சொல்லுங்க சார். இந்தத் தடவை எல்லாரும் சேர்ந்தே கேட்டுக்கறோம்.”

முதலாளி கம்பெனி கேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

அதிகாரியின் ஜீப் வந்தபோது கேட்டுக்கு வெளியே தெருவே திரண்டிருந்தது. வாட்ச்மேன் ஒரு நிமிஷம் யோசித்தார். அவர் வீட்டுக் குழாயிலும் முதலில் காற்றுதான் வருகிறது. கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஜீப்போடு தெருவும் உள்ளே வந்தது.

அதிகாரி குழாயைக் குனிந்து பார்த்தார். “பழைய போர் போலிருக்கே. பயன்பாட்டுல இல்லாதது” என்றார். முதலாளி அவசரமாகத் தலையாட்டினார்.

மோட்டார்காரர் சுவரோரப் பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டார். குழாய் உறுமியது. பக்கத்துத் தொட்டியில் கை கனத்துக்குத் தண்ணீர் விழத் தொடங்கியது.

அதிகாரி யார் முகத்தையும் பார்க்காமல் ஃபைலைப் பிரித்தார். அந்த ஃபைலில் எந்தப் பக்கம் எங்கே போகுமோ, யார் கண்டது? நாத்தனார் அண்ணியின் பக்கத்தில் வந்து தோளோடு தோளாக நின்றாள். அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள், கழுவும் பெண்கள், ரெட்டையின் மனைவி. எது கம்பெனி ஆள், எது தெரு ஆள் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி வட்டம் நெருங்கியது.

“எழுதுங்க சார்” என்றாள் நெட்டையக்கா. “எழுதி முடிச்சதும் சத்தமாப் படிங்க. நாங்க கேட்டதுக்கு அப்புறம்தான் ஜீப்பு கிளம்பும்.”

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார். அத்தனை பேரும் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தார்கள்.