கடைசியில் போடும் உப்பு

குண்டானை இறக்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டிய மனிதர், அந்தக் குண்டானுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்திருந்தார். நூற்றியெட்டில் வந்தவர்கள் நாடி பிடித்து, கண்ணில் டார்ச் அடித்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கிளம்பியாயிற்று. அம்சா மட்டும் மாமனாரையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, கையில் உப்பு டப்பாவோடு நின்றாள்.

"உப்பு டப்பாவ எடுத்தாந்து கிட்ட வையி கண்ணு" என்றுதான் கிருபாகரன் கடைசியாகச் சொன்னார். சமையலறைக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வந்தபோது கரண்டி அவர் மடியில் கிடந்தது. குழம்பு தன்பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது.

கோவளத்துக்கு விடியுமுன் போய் எலும்பும் கொழுப்புமாகப் பார்த்து வாங்கிவந்த நாலு கிலோ மாட்டுக்கறி. ஓசூரிலிருந்து மகள் ஷாரோன் புருஷன் பிள்ளைகளோடு வருகிறாள். அம்பத்தூரிலிருந்து தம்பி மோசஸ் வருகிறார். கிருபாகரன் முப்பது வருஷம் கொத்து வேலை பார்த்தவர். மனைவி போன பிறகு கரணையை வைத்துவிட்டுக் கரண்டியைப் பிடித்தார். அவர் வாசலில் மூன்று செங்கல்லுக்கு நடுவே சவுக்குக் கட்டை புகைந்தால் ஷாரோன் வருகிறாள் என்று நெம்மேலியில் அந்தத் தெருவுக்கே தெரியும். உப்பை மட்டும் கறி வெந்த பிறகுதான் போடுவார். "முன்னாடியே போட்டா கறி மொரண்டு புடிக்கும். கடைசில போட்டா சொன்ன பேச்சு கேக்கும்" என்பது அவர் சட்டம். குடும்பத்தில் சின்னது பெரியது எல்லாம் அதை மனப்பாடமாக ஒப்பிக்கும்.

இந்த ஒன்பது வருஷத்தில் அம்சா அந்தக் கறியில் ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. திருப்போரூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கிருபாகரன் மகன் ஜான்சனைக் கட்டிக்கொண்ட அன்றே பிறந்த வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோர் தட்டிலும் கறி விழ, அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தபோது, கிருபாகரன் ஒரு சின்ன அலுமினியச் சட்டியை அவள் பக்கம் தள்ளினார். முட்டைக் குழம்பு. "சாப்டு" என்றார், அவ்வளவுதான். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, மற்றவர்களைக் கேட்கவும் விடவில்லை. அடுப்படியில் வம்பிழுப்பதோடு சரி. "மோந்து பாத்து உப்பு சொல்லு பாப்போம்" என்பார். அவள் வாய்க்கு வந்த அளவைச் சொல்வாள். அவர் அதையே கேட்டுப் போடுவது போலப் போடுவார். பெற்றவர்கள் தராத இடத்தை இப்படிச் சிரித்துக்கொண்டே தந்த மனிதருக்கு என்ன செய்து நன்றி தீர்ப்பது?

ஒன்பது மணிக்கு மோசஸ் வந்தார். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஐஸ் பெட்டி வந்தது, பந்தல் ஏறியது. பிறகுதான் அடுப்பு அவர் கண்ணில் பட்டது.

"யாரு இத்த இன்னும் எரிய வுட்டது? பொணம் எடுக்கற வரிக்கும் அடுப்பு எரியக் கூடாது. சாவு வூட்ல வெந்தத வாயில வெக்கலாமா? கொண்டும் போயி கொட்டுங்க."

ஜான்சன் அப்பாவின் நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றான். அம்சா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இன்னும் வேகலியே சின்ன மாமா. பாதிதான வெந்துகீது."

"அதுக்கு?"

"வெந்தாத்தான சாவு வூட்ல வெந்தது. நம்ம வாசல்ல எரிய வாணாம். பக்கத்துல முனிம்மாக்கா வாசல்ல வெச்சிடலாம். அங்க வெந்தா அவுங்க வூட்டுக் கறி."

 அறுபது வயதில் இப்படி ஒரு சட்ட நுணுக்கத்தை மோசஸ் எதிர்பார்க்கவில்லை. "உனுக்கின்னாத்துக்குமா இந்த ரோதன? நீதான் துன்றது இல்லியே" என்றார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"ஷாரோன் வந்துகினு கீது மாமா. செங்கல்பட்டு தாண்டிடுச்சாம். அப்பா ஆக்கிப் போடுவாருன்னுதான வருது."

மோசஸ் ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.  பிறகு தோள்துண்டை இரண்டாக மடித்துக் குண்டானின் ஒரு காதைத் தானே பிடித்தார். முனியம்மா வீட்டில் கேஸ் அடுப்புதான். ஆகவே மூன்று செங்கல்லும் சாக்குத் துணியில் சுருட்டப்பட்டுச் சூட்டோடு இடம் மாறின. "நம்ம வூட்டு வாசலு மாதிரி நெனச்சிக்கம்மா" என்றாள் முனியம்மா.

ஷாரோன் வந்து பெட்டி மேல் விழுந்தாள். பிள்ளைகள் மிரண்டுபோய்த் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றன. அழுது ஓய்ந்தவள் அம்சாவின் தோளில் சாய்ந்து, "அவ்ளோதான் அண்ணி. பொறந்த வூடு எனுக்கு இன்னியோட சரி. இனிமே யாரப் பாக்க வருவேன்?" என்றாள்.

அப்படியொரு வீடு இல்லாமல் ஒன்பது வருஷம் ஓட்டியவளுக்கு அந்த வார்த்தை எங்கே போய்த் தைக்கும்? நான் இருக்கிறேன் என்று சொல்லிவிடலாம். சாவு வீட்டில் எல்லோரும் சொல்வதுதான் அது. அம்சா அவள் முதுகைத் தடவிவிட்டு எழுந்து முனியம்மா வாசலுக்குப் போனாள். கரண்டியால் ஒரு துண்டை அழுத்தினாள், பிய்ந்து கொடுத்தது. குனிந்து மோந்து பார்த்தாள். டப்பாவைத் திறந்து, அவர் போடும் அளவுக்கு ஒரு பிடி போட்டுக் கலக்கினாள்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் கடற்காற்று பாஸ்டரின் வேதப்புத்தகத் தாள்களைப் புரட்டியபடியே இருந்தது. மண் தள்ளிவிட்டுத் திரும்பி, குளித்து, பந்தலுக்குக் கீழே பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முனியம்மா சோறு வடித்து வைத்திருந்தாள். கறிக் குண்டான் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அம்சா பரிமாறி முடித்து உட்கார்ந்ததும் ஷாரோன் அந்தச் சின்ன அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"முட்டைய தனியா ஒரு கிண்ணத்துல எடுத்து வெச்சிருந்தாரு அண்ணி. பாத்தேன். முனிம்மாக்கா வூட்லயே ஆக்கிட்டேன்."

 காலையில் நாலு கிலோ கறியைக் கழுவுவதற்கு முன்னால் அந்த மனிதர் அவளுக்கு முட்டை எடுத்து வைத்திருக்கிறார்.

எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.  மோசஸ் ஒரு வாய் வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை மளமளவென்று குடித்தார். ஷாரோன் புருஷன் இரண்டாவது முறை வெறும் சோறு வாங்கினான். பெரிய பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்து, தகப்பன் முறைத்ததும் அடங்கியது. அம்சா முகம் முகமாகப் பார்த்தாள். கறி வேகவில்லையா, அடிப்பிடித்துவிட்டதா? சாப்பிடாதவள் செய்த சமையல், எந்த ருசியை அவள் கண்டாள்? 

ஜான்சன்தான் கடைசியில் கேட்டான். "உப்பு யாரு போட்டது?"

"நான்தான்" என்றாள் அம்சா.

ஷாரோன் நிமிர்ந்தாள். "நீ போட்டியா? நீ துன்றது இல்லியே, போட்டிருக்க மாட்டன்னு முட்ட ஆக்கசொல்ல நான் ஒரு புடி போட்டேனே அண்ணி!"

மோசஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"பொம்பளைங்கோ அழுதுகினு கீறீங்கோ, மறந்திருப்பீங்கோன்னு…" என்றார். "அண்ணன் கடைசிலதான போடும்? அதான் எடுக்கறதுக்கு முன்னாடி போயி, நான் ஒரு புடி."

முதலில் சிரித்தது முனியம்மா. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. சாவு வீட்டில் என்ன சிரிப்பு என்று எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து அம்சா தன் சட்டியில் ஒரு விரலை வைத்து நக்கி, "ஷாரோன், இதுல உப்பே இல்ல" என்றாள். மோசஸுக்குப் புரையேறிவிட்டது. ஷாரோன் சிரித்துக்கொண்டே இருந்து, சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியாமல் அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. முனியம்மா இன்னொரு பானைச் சோறு வடித்தாள். கறி மிச்சமில்லாமல் தீர்ந்தது.

கை கழுவ வந்த ஷாரோன், தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்சாவிடம் தலை நிமிராமல் சொன்னாள்:

"கிறிஸ்மஸுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுவோம் அண்ணி. நான் வர்ற வரிக்கும் உப்பு போட்டுடாத."

"ம்" என்றாள் அம்சா. சொம்பில் தண்ணீர் தீர்ந்த பிறகும் கவிழ்த்தபடியே பிடித்திருந்தாள்.

மறுநாள் விடிந்ததும், வீட்டில் மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்னே, முனியம்மா வாசலில் ஆறிக் கிடந்த மூன்று செங்கல்லையும் அம்சா ஒவ்வொன்றாகத் தூக்கிவந்தாள். தன் வாசலில் கரி பிடித்த பழைய தடம் அப்படியே இருந்தது. தடம் பார்த்து வைத்து, ஆடுகிறதா என்று ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, சாணி தெளிக்கப் போனாள்.